ஆர்டரைக் கொண்டுவந்தது யார்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். இந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு, இரண்டு வீடியோவுக்கு நடுவில் ஓர் உப்பு விளம்பரம் வரலாம். பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் 'இமாலய உப்பு'. கிழக்கே கடலை நோக்கிப் போனால் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். பாத்தியிலிருந்து வாரிய உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து, கீற்றோ தார்ப்பாயோ போர்த்திக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கிறது. அதையெல்லாம் தாண்டி, பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்தால் பேர்பெற்ற ஓர் உப்பு இந்த பெஞ்சுக்கு எப்படி வந்து சேர்ந்தது? டீ வரட்டும். அது வருவதற்குள் இந்த வழியில் நாம் சேர்ந்து கொஞ்சம் நடந்து பார்க்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு காரணமும் இருக்கிறது. லாரி வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, நாமே பாக்கெட் போட்டு, ஒரு பேர் வைத்து, நேராக வீடுகளுக்கு விற்றால் என்ன என்ற யோசனை இந்தக் கரையில் யாருக்கும் வரக்கூடியதுதான். உப்பைப் பேர் சொல்லி விற்க முடியும் என்பதை 1983-இல் வந்த டாடா உப்பு நாட்டுக்கே காட்டியது. வாலிநோக்கத்தில் உற்பத்தி செய்யும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் 'அம்மா உப்பு' என்றும், 2023-இல் 'நெய்தல் உப்பு' என்றும் பேர் வைத்துச் சந்தைக்கு வந்தது. அவர்களுக்குக் கடைகள் இருந்தன, லாரிகள் இருந்தன. நம்மிடம் ஒரு போன் இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு, கல்லுப்பையும் கருவாட்டையும் ஆன்லைனில் விற்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த விளம்பர இடம் எப்படி விற்கப்படுகிறது என்று பார்ப்போம். போனில் ஒரு வீடியோ முடிந்து அடுத்தது வருவதற்குள் ஓர் இடம் காலியாகிறது. உடனே அதற்கு ஏலம் நடக்கிறது. கண் இமைப்பதற்குள் முடிந்தும் விடுகிறது. அதிகத் தொகை கேட்டவருக்குத்தான் இடம் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா, விளம்பரம் கொடுப்பவர் எவ்வளவு தரத் தயார் என்பதை, போனைப் பார்க்கும் இந்த ஆள் வாங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதோடு பெருக்குகிறது. விளம்பரத்தின் தரத்துக்கும் கொஞ்சம் மதிப்பெண் கூட்டுகிறது.

ஒரு கணக்கு போட்டால் விளங்கிவிடும். ஓர் ஆர்டருக்கு நம் குழு 100 ரூபாய் தரத் தயார், ஒரு பெரிய கம்பெனி 300 ரூபாய் தரத் தயார். நம் உப்பை இந்த மனிதர் வாங்க நூற்றில் ஒரு வாய்ப்பு, அவர்கள் உப்பை வாங்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று இயந்திரம் மதிப்பிட்டால், நம் பக்கம் 1 ரூபாய், அவர்கள் பக்கம் 30 காசு. இடம் நமக்குத்தான். சின்ன வியாபாரி பெரிய கம்பெனியை ஜெயிக்க வழியுள்ள ஏலம் இது. எனக்கு இதில் நிஜமாகவே மரியாதை உண்டு. ஆனால் எல்லாமே அந்த 'வாய்ப்பு' என்ற ஒரு மதிப்பீட்டின் மேல் நிற்கிறது என்பதையும் கவனித்துக்கொள்வோம். செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ., இந்தத் தொழிலில் உட்கார்ந்திருக்கும் முக்கியமான நாற்காலி அதுதான்.

இந்த மதிப்பீடு எப்படி வருகிறது? நம் கடையின் இணையதளத்தில் 'பிக்சல்' என்று ஒரு சின்ன நிரல் துண்டை வைக்கச் சொல்வார்கள். யார் வந்தார், எந்தப் பொருளைப் பார்த்தார், கூடையில் போட்டாரா, பணம் கட்டினாரா என்பதை அது மெட்டாவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐபோன் வைத்திருப்பவர்களிடம் 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா' என்று கேட்க ஆரம்பித்தது. நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். இதனால் 2022-இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. தகவல் குறைந்ததும், இருக்கிற தகவலை வைத்து ஊகிக்கும் வேலை பெருகியது. கூகுள் 2021 கடைசியில் 'பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ்' கொண்டுவந்தது. மெட்டா 2022-இல் 'அட்வான்டேஜ் பிளஸ்' கொண்டுவந்தது. 'சென்னை, 25 முதல் 45 வயது, பெண்கள், சமையலில் ஆர்வம்' என்று முன்பெல்லாம் நாம் ஆளைக் குறித்துக் கொடுப்போம். இப்போது பணத்தையும் படத்தையும் கொடுத்தால் போதும், ஆளை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

அது கற்றுக்கொள்ளத் தீனி வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 ஆர்டர் வந்தால்தான் 'கற்றல் கட்டம்' முடியும் என்பது மெட்டா தரும் கணக்கு. வாரத்துக்குப் பத்து ஆர்டர் பார்க்கும் நம் குழு அந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. இருக்கிற சின்னத் தொகையை ஐந்து விளம்பரமாகப் பிரித்தால் நிலைமை இன்னும் மோசம். சின்னக் கடைகள் ஒன்றிரண்டு விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இணையதளமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். விளம்பரத்தை அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கும். பேச்சு அங்கே நடக்கும், பணம் ஜிபேயில் வரும். பணம் வந்தது இயந்திரத்துக்குத் தெரியாது. பேச்சு தொடங்கியது மட்டும்தான் தெரியும். அதனால் பேச்சைத் தொடங்கும் பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துத் தேடிக் கொடுக்கிறது. காலையில் போனைத் திறந்தால் நாற்பது 'விலை என்ன?' கிடக்கும். பதில் போட்டால் நீலக் குறி விழும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். இயந்திரம் நம்மை ஏமாற்றவில்லை. எதைக் கேட்டோமோ அதைக் கொடுத்திருக்கிறது.

ஏ.ஐ. செய்யும் இன்னொரு வேலை, படமும் வாசகமும் எழுதித் தருவது. போட்டோ ஸ்டூடியோவுக்குப் போகாமல், வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த பாக்கெட் படத்தை அழகான சமையலறையில் உட்கார வைத்துவிடலாம். பெரிய உதவிதான். ஆனால் 'கல்லுப்பு' படம் கேட்டால் அது வைரக்கல் போல ஒன்றை வரைந்துவிடும். நம் பாத்தி உப்பில் மெல்லிய சாம்பல் சாயல் இருக்கும், கல் ஒரே அளவில் இருக்காது. படத்தைப் பார்த்து வாங்கியவர் பாக்கெட்டைப் பிரித்ததும் முகம் மாறும். வாசகத்தில் ஆபத்து இன்னும் அதிகம். 'அயோடின் கலக்காத இயற்கை உப்பு, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்' என்று கூசாமல் எழுதிக் கொடுக்கும். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக மனிதர் உண்பதற்கு விற்க நம் நாட்டில் 2006 முதல் தடை. கடையில் விற்கும் உப்பில் அயோடின் 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, அதாவது ஒரு கிலோவில் 15 மில்லிகிராம். கழுத்துக்கழலையும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடும் வராமல் காக்கும் விதி அது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். அபராதக் கடிதம் வந்தால் அது குழுத் தலைவியின் பேருக்குத்தான் வரும், ஏ.ஐ.க்கு வராது.

ஆளை இயந்திரமே தேர்ந்தெடுக்கும் காலத்தில், நாம் போடும் படம்தான் ஆளையும் தேர்ந்தெடுக்கிறது. விடியலுக்கு முன்னால் பாத்தியில் இறங்கி மரப்பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிக்கும் வீடியோவைப் போட்டால், அதைக் கடைசிவரை பார்ப்பவர்கள் ஒரு வகை. வெள்ளிக் கிண்ணத்தில் உப்பு மின்னும் படத்தில் நிற்பவர்கள் வேறு வகை. யார் நின்றார்களோ, அவர்களைப் போன்றவர்களை இயந்திரம் மேலும் தேடும். அந்தப் பாத்தி வீடியோவை எடுக்க பிரம்மதேசத்துக்காரர்களால் முடியும். மும்பையில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு அது எளிதில்லை.

இப்போது, எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்திருக்கிறோம். கொஞ்சம் நிதானமாக நடப்போம். மாதக் கடைசியில் விளம்பர அறிக்கையைத் திறந்தால் 'ரோவாஸ் 4' என்று இருக்கும். விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு ரூபாய் விற்பனை என்று அதற்குப் பொருள். நாம் என்ன நினைக்கிறோம்? 'விளம்பரம் இந்த விற்பனையைக் கொண்டுவந்தது. போட்டதை இரட்டிப்பாக்கினால் வருவதும் இரட்டிப்பாகும்.' அறிக்கை சொல்வது அதுவல்ல. விளம்பரத்தைப் பார்த்தவர்கள் இவ்வளவு வாங்கினார்கள் என்று மட்டும்தான் அது சொல்கிறது. பார்க்காமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பார்களா என்று அது சொல்வதில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் 'மரக்காணம், மரக்காணம்' என்று கூவி ஆள் ஏற்றுகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஏறும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. கெட்டிக்காரராக இருந்தால் எங்கே போய் நிற்பார்? கையில் பையோடு, மரக்காணம் பஸ் எப்போது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தில் நிற்பார். அவர் கூவுகிறார், அவர்கள் ஏறுகிறார்கள். முப்பது பேர் ஏறினார்கள் என்று முப்பதுக்கும் காசு வாங்கிக்கொள்கிறார். அதில் இருபத்தைந்து பேர் அவர் வாயே திறக்காவிட்டாலும் ஏறியிருப்பவர்கள். மீதி ஐந்து பேர் புதுச்சேரி பஸ்ஸா, இந்த பஸ்ஸா என்று தயங்கி நின்றவர்கள். அவர்களைத்தான் அவர் உண்மையில் ஏற்றிவிட்டார். இப்போது அந்த இடத்தில், முகத்தையும் பையையும் செருப்பையும் பார்த்தே யார் எங்கே போகிறார் என்று சொல்லிவிடும் ஒருவரை வைத்தால்? தயங்குபவர் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். ஏறப்போகிறவரிடமே போய் நிற்பார். கணக்கு இன்னும் அழகாக இருக்கும்.

ஏ.ஐ. வந்தபின் விளம்பரத்தில் நடந்திருப்பது இதுதான். 'வாங்கப்போகிறவரைக் கண்டுபிடி' என்றுதான் நாம் கட்டளை கொடுத்தோம். அது கண்டுபிடிக்கிறது, ஒவ்வொரு மாதமும் இன்னும் துல்லியமாக. நேற்று நம் கூடையில் கருவாட்டைப் போட்டுவிட்டுச் சம்பள நாளுக்காக நிறுத்தி வைத்தவர், மூன்று முறை வாங்கியவர், தோழி சொல்லி நம் பேரைத் தேடி வந்தவர்: இவர்கள்தான் அதற்குக் கண்ணில் படும் முதல் ஆட்கள். இத்தோடு, கணக்கு எழுதும் விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தை அழுத்திய ஏழு நாளுக்குள் வாங்கினாலும், அழுத்தாமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அது விளம்பரத்தின் விற்பனைதான். உப்பு போன்ற பொருளில் இது இன்னும் உறைக்கும். உப்பு தீர்ந்தால் எந்த வீடும் வாங்கித்தான் ஆக வேண்டும். நம் பாக்கெட் தீரும் வாரத்தில் நம் விளம்பரமும் கண்ணில் பட்டால், ஆர்டர் யார் பேரில் எழுதப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை ஒரு பெரிய கம்பெனி தன் காசிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2012 மார்ச்சில் ஈபே, தன் பேரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை அமெரிக்காவில் யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் நிறுத்தியது. 'ஈபே' என்று தேடுபவர் ஈபேவுக்குத்தான் போகிறார். விளம்பரம் இருந்தால் அதை அழுத்துவார், இல்லாவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் சாதாரண முடிவை அழுத்துவார். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 விழுக்காட்டினர் காசில்லாத வழியில் வந்து சேர்ந்தார்கள். பிறகு மற்ற சொற்களுக்கான கூகுள் விளம்பரங்களையும் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. புதியவர்களிடமும், எப்போதாவது வாங்குபவர்களிடமும்தான் விளம்பரம் வேலை செய்திருந்தது. பொருளாதார அறிஞர்களான பிளேக், நாஸ்கோ, டடேலிஸ் மூவரும் இதை 2015-இல் எகானமெட்ரிக்கா இதழில் எழுதினார்கள். விளம்பரம் வீண் என்பதல்ல அவர்கள் கண்டது. நம் பேரைக் கேள்விப்படாதவரிடம் அது பேசும்போது காசுக்கு வேலை செய்கிறது. நம்மைத் தெரிந்தவரிடம் பேசும்போது அறிக்கை மட்டும்தான் அழகாகிறது.

நம் குழுவின் உப்புக் கணக்குக்கு மட்டும் வருவோம். மாதம் 10,000 ரூபாய்க்கு விளம்பரம், ரோவாஸ் 4, எனவே 40,000 ரூபாய் விற்பனை. உப்பு, பை, கூரியர் எல்லாம் போக நூற்றுக்கு முப்பது நிற்கும் என்று வைப்போம். கையில் 12,000. விளம்பரச் செலவு 10,000 என்று எழுதினால் லாபம் 2,000. ஆனால் விளம்பரத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் உப்பு மட்டும் விற்பவர் அந்த 1,800 ரூபாயை வரிக்கழிவாகத் திரும்பப் பெற முடியாது. செலவு 11,800, லாபம் 200. இப்போது அந்த விற்பனையில் பாதி விளம்பரம் இல்லாமலே வந்திருக்கும் என்றால்? விளம்பரம் கூட்டிக் கொடுத்த விற்பனை 20,000, அதில் நின்றது 6,000. 11,800 கொடுத்து 6,000 வாங்கியிருக்கிறோம். மாதம் 5,800 ரூபாய் நஷ்டம், அறிக்கையில் பச்சை நிறத்தில் நான்கு மடங்கு. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை 5,000 ரூபாய். நஷ்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கரையில் அது எவ்வளவு பெரிய பணம் என்று புரியும்.

அந்தப் பாதி என்பது நான் கணக்குக்காகச் சொன்னது. நம் கடைக்கு அது கால்வாசியா, முக்கால்வாசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈபே செய்ததை நாமும் செய்யலாம். விளம்பர அமைப்பில் ஊர் வாரியாகவும் பின்கோடு வாரியாகவும் விலக்க வசதி உண்டு. ஆர்டர் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்வோம், கடலூரும் வேலூரும் என்று வைக்கலாம். கடலூரில் விளம்பரத்தை நிறுத்துவோம், வேலூரில் ஓடட்டும். விளம்பர அறிக்கையை மூடிவிட்டு, நம் வங்கிக் கணக்கில் வந்த பணத்தையும் ஆர்டர் நோட்டையும் மட்டும் பார்ப்போம். வேலூரோடு ஒப்பிடும்போது கடலூரில் ஆர்டர் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவுதான் விளம்பரம் அங்கே கொண்டுவந்துகொண்டிருந்தது.

இதில் அவசரம் கூடாது. வாரத்துக்குப் பத்து ஆர்டர் வரும் கடையில் ஒரு வாரம் ஏழு வந்தாலும், பதின்மூன்று வந்தாலும் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். ஒரு வாரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஒரு மாதமாவது வேண்டும். பொங்கல் வாரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது போல் ஒரு மழை வந்தால், பார்சலும் நகராது, கணக்கும் குழம்பிவிடும். உப்பு வாரும் காலமான மாசி, பங்குனியில் தொடங்கலாம். முதல் மாதம் கடலூரில் நிறுத்தினால் அடுத்த மாதம் வேலூரில் நிறுத்தி, கடலூரில் ஓட விட வேண்டும். அப்போதுதான் இரண்டு ஊருக்கும் இயல்பாகவே உள்ள வித்தியாசம் கணக்கிலிருந்து கழியும். இந்த இரண்டு மாதமும் புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?' என்று ஒரு வரி கேட்டு, ஆர்டர் நோட்டில் பேருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். மூன்றாவது மாதத்துக்கு எவ்வளவு பணம் போடுவது என்று குழு உட்கார்ந்து பேசும்போது, நடுவில் வைக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.